தோலைப் படிக்கத் தெரிந்தவர்கள்

1

போன சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கதவை ஒரு போலீஸ்காரர் தட்டினார். இந்த ஊரில் அது பெரிய விஷயம் இல்லை. என் மகள் எஸ்தர் முதல் நாள் மாலை விளக்கு இல்லாமல் சைக்கிள் ஓட்டியிருக்கிறாள். அதைச் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு நின்றாராம். நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது உடுப்பும் பித்தளைப் பொத்தான்களும்தான். சமையலறைக்கு ஓடி, ரொட்டி தின்றுகொண்டிருந்த என் கணவரின் தோள்களைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டேன். தேநீர்க் கோப்பை கவிழ்ந்து அவர் மடியெல்லாம் சூடு.

"விடு ரோஸ். சைக்கிள் விளக்காம்" என்றார் அவர்.

விட முடியவில்லை. அவரே என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

போலீஸ்காரர் போனதும் எஸ்தர் வந்து நின்றாள். பதினான்கு வயது. தமிழ் பேசும்போது அவளுக்கு முகம் கொஞ்சம் சுருங்கும், நடுவில் கல் இருக்கும் சோற்றைத் தின்பவள்போல. "அவர் நல்ல மனுஷன்மா. ஸ்கூலுக்கு வந்து ரோடு எப்படி கிராஸ் பண்றதுன்னு சொல்லிக்குடுப்பார். நீ ஏன் இப்படிப் பண்ற? எனக்கு வெட்கமா இருக்கு."

லீட்ஸ் நகரத்து வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்லி ஊரிலிருந்து ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். கரிப்புகையில் கறுத்த கட்டடங்கள், நான்கு மணிக்கே இருட்டிவிடும் மார்கழி இவற்றையெல்லாம் எழுதலாம் என்று இருந்தேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு வேறு எதையும் எழுத வரவில்லை. அதே நாள் பிற்பகல் இன்னொருவரும் எங்கள் கதவைத் தட்டினார். அவர் எதற்கு வந்தார் என்பது புரிய வேண்டுமானால் முதலில் ராயபுரத்தைச் சொல்ல வேண்டும்.

2

என் அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து ராயபுரத்தில் மளிகைக்கடை வைத்தவர். நான் அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். கணவர் ஞானராஜ் தோல் வேதியியல் படித்தவர். கல்யாணமான பிறகு இரண்டு வருடம் இதே லீட்ஸுக்கு வந்து பயிற்சி பெற்றுத் திரும்பி, மாதவரத்துப் பக்கம் இருந்த ஒரு தோல் ஆலையில் சேர்ந்தார். தினமும் சைக்கிளில் போய்வருவார். எத்தனை சோப்புப் போட்டாலும் அவர்மேல் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த வாடை போகாது. எங்கள் படியில் மீன்கூடை இறக்கும் காசிமேட்டுக்காரி, "இன்னா டீச்சரம்மா, என் கூடையே தேவலாம் போல கீதே உன் வூட்டுக்காரருக்கு" என்பாள்.

தோல் ஆலையில் முடியை உதிர்க்கச் சல்பைடு என்று ஒரு மருந்து போடுவார்கள். முடியைச் சாம்பார்ப் பருப்புபோலக் கரைத்துவிடும். அந்தத் தண்ணீரும், வேறு வேலைக்குப் பயன்படும் அமிலத் தண்ணீரும் ஒரே சாக்கடையில் கலக்கக் கூடாது. கலந்தால் விஷவாயு கிளம்பும். முதல் மூச்சில் அழுகிய முட்டை நாற்றம். அடுத்த மூச்சில் நாற்றமே தெரியாது, மூக்கு மரத்துவிடும். அதற்கடுத்த மூச்சு பல பேருக்கு இல்லை. இரண்டுக்கும் தனித்தனிக் கால்வாய் வெட்டச் சொல்லி இவர் முதலாளியிடம் பலமுறை கேட்டிருக்கிறார்.

சுதந்திரம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் அடைத்துக்கொண்ட சாக்கடைத் தொட்டியில் ஒருவர் இறங்கினார். மேலே வரவில்லை. அவரைத் தூக்க இன்னொருவர் குதித்தார். அவரைத் தூக்க மூன்றாமவர். மூன்று பேரையும் கொக்கி போட்டு இழுத்தபோது இவர் அங்கே இருந்தார். உதடெல்லாம் நீலம், ஒருவருடைய கை இன்னொருவருடைய இடுப்புத்துணியைப் பிடித்தபடி விறைத்திருந்ததாம். விரலை விடுவிக்க முடியாமல் துணியை வெட்டி எடுத்தார்கள்.

மதுவிலக்கு வந்த புதிது. கள்ளச்சாராயம் குடித்துவிட்டுத் தவறி விழுந்தார்கள் என்று ஆலை சொன்னது. இவர் ஆலை வாசலில் ஒரு காலிப் பீப்பாய்மேல் ஏறி நின்று, எந்தத் தண்ணீர் எதனோடு கலந்தது, வாயு எப்படி வந்தது என்று பாடம் நடத்துவதுபோல விளக்கினார். அவ்வளவுதான் அவர் செய்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலைக்குப் போகவில்லை. மறுநாள் பக்கத்து ஆலைகள். அதற்கும் மறுநாள் துறைமுகத்துக் கூலிகளும் சேர்ந்துகொண்டார்கள்.

3

போலீஸ் தடியடியை நான் என் பள்ளிக்கூடத்து மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். டிராம் திரும்பும் இடத்தில் வேலைநிறுத்தக்காரர்களின் ஊர்வலம் நின்றது. செத்தவர்களின் மனைவிகள் முன்னால் நின்றார்கள். விசில் சத்தம் கேட்டது. நான் நினைத்திருந்தது, விரட்டுவார்கள், ஓடுவார்கள், முடிந்துவிடும் என்று. விரட்டவில்லை. இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு நடுவில் வைத்து அடித்தார்கள். தேங்காய் உடைக்கிற சத்தம் வருமே, அது தலையிலிருந்தும் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நின்றிருந்த டிராமுக்குள் ஏறியவர்களைக் காலைப் பிடித்து இழுத்துத் தண்டவாளத்தில் போட்டு அடித்தார்கள். ஒரு கிழவர் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் அடித்தார்கள், கை தொங்கியது, பிறகு தலையில் அடித்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகளை ஜன்னலிலிருந்து இழுத்துச் சுவர் பக்கம் திருப்பி நிற்கவைத்தேன். திரும்பி நின்றால் சத்தம் கேட்காமலா போகும்?

இவரைப் பிடிக்க மறுநாள் விடியற்காலையில் வந்தார்கள், பால்காரர் வரும் நேரம். எஸ்தருக்கு அப்போது ஆறு வயது. நல்லவேளை, அவள் என் அப்பா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். பால் என்று நினைத்துச் செம்போடு நானே கதவைத் திறந்தேன். இவர் பனியனோடு எழுந்து வந்து, "சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன்" என்றார். அந்த வாக்கியம் முடிவதற்குள் முதல் அடி அவர் காதின்மேல் விழுந்தது. மாடிப்படி முழுக்க அடித்துக்கொண்டே இறக்கினார்கள். நான் பின்னாலேயே போனேன். ஒருவன் என் நெஞ்சில் லத்தியை வைத்துச் சுவரோடு அழுத்தினான். "டீச்சராச்சே, மரியாதையா உள்ள போங்க" என்று மரியாதையாகவே சொன்னான். படியில் சிந்திய பாலைப்போல வழவழப்பாக ஏதோ காலில் ஒட்டியது. பால் இன்னும் வரவில்லையே என்று பிறகுதான் உறைத்தது.

வழக்கு இல்லை, குற்றச்சாட்டு இல்லை. பொது அமைதிக்குப் பங்கம் விளைவிக்கக் கூடியவர் என்று ஒரு தாள். அந்தத் தாள் போதும், எத்தனை மாதம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். இரயிலில் ஒரு இரவு போகும் தூரத்தில் இருந்த சிறைக்கு அனுப்பினார்கள்.

4

கைதியைப் பார்க்கப் போவதற்குச் சிறையில் "மனு பார்ப்பது" என்று பெயர். மனு போட்டால், நீ மனைவிதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று திருப்பி அனுப்பினார்கள். கோயில் பதிவேட்டிலிருந்து கல்யாணச் சான்று வாங்கி அனுப்பினேன். சான்றில் "ரோஸ்லின்", மனுவில் "ரோஸ்லின் ஞானராஜ்". இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்டார்கள். இங்கே லீட்ஸில் அதற்கு நேர் எதிர். ஞானராஜ் என்று ஒரு பேரைப் பிடித்துக்கொண்டு அவர் மிஸ்டர் ஞானராஜ், நான் மிஸஸ், எஸ்தர் மிஸ் என்று ஆக்கிவிட்டார்கள். எனக்கென்று அப்பா வைத்த பேர் எந்தத் தாளிலும் முன்னால் வருவதில்லை.

பார்க்கவிட்டபோது அவரால் பெஞ்சில் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே பேசினார். "என்ன செய்தாங்க?" என்று கேட்டேன். பக்கத்தில் வார்டர் நின்றதால் "எஸ்தர் படிக்கிறாளா?" என்று கேட்டார். பிறகு விடுதலையாகி வந்த ஒருவர் அப்பாவின் கடைக்கு வந்து சொன்னார். கொட்டடிக்குள் கைதிகளை விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, வரிசையாக நின்று அடித்தார்களாம். விழுந்தவர்களைத் தண்ணீர் ஊற்றி எழுப்பி மறுபடியும்.

இவருக்கு லீட்ஸில் பாடம் சொன்ன டாக்டர் ஹாலத்துக்கு நான் எழுதினேன். வேறு யாருக்கு எழுதுவதென்று தெரியாமல் எழுதினேன், அவ்வளவுதான். ஆனால் அவரும் அவருடைய சகாக்களும் கூடி, எங்கள் சக விஞ்ஞானியை விசாரணையில்லாமல் அடைத்து அடிக்கிறீர்களே என்று அரசாங்கத்துக்கு எழுதினார்கள். அரசாங்கம் மிக மரியாதையாகப் பதில் அனுப்பியது. கைதியின் உடம்பில் உள்ள தழும்புகள் அவருடைய தொழிலில் இரசாயனம் தெறித்து ஏற்பட்ட பழைய காயங்கள். சிறை வைத்தியரே சான்றளித்திருக்கிறார்.

நல்ல பொய். யார் போய் மறுக்க முடியும்? ஆனால் அவர்கள் பொய் சொன்னது யாரிடம் என்பதை யோசிக்கவில்லை. சல்பைடு தோலை என்ன செய்யும் என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள்.

ஹாலத்தின் அடுத்த கடிதம் எனக்கு வந்தது. அதில் ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லை. கேள்விகள்தான். தழும்பு ஒற்றைக் கோடா, இரட்டைக் கோடா? நடுவில் வெளுத்திருக்கிறதா? கீழ்நோக்கி வழிந்ததுபோல இருக்கிறதா, குறுக்கே வெட்டுகிறதா? தழும்பின்மேல் முடி இருக்கிறதா?

படித்ததும் எனக்கு எரிந்தது. என் கணவர் என்ன ஆட்டுத்தோலா என்று தாளைக் கசக்கிவிட்டேன். அப்பாதான் எடுத்து நீவி, திரும்பத் திரும்பப் படித்தார். "இல்ல மக்கா, இவன் கிறுக்கன் இல்ல. மருந்து பட்டா முடி கருகிப் போவும். கம்பு பட்டா முடிக்கு என்ன கேடு? அதத்தான் கேக்கான்."

5

ஆனால் சட்டைக்குள் இருக்கும் முதுகை எப்படிப் பார்ப்பது?

கிறிஸ்துமஸ் வந்தது. பண்டிகைக்குப் புதுத்துணி கொடுக்க அனுமதி உண்டு. ஒரு வெள்ளைச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போனேன். தலைமை வார்டர் அதை உதறி, மடிப்பைத் தடவிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ராயபுரமா நீ? நான் கூட அங்கதான். கல்மண்டபத்தாண்ட வூடு" என்றார். ஊர்க்காரியைப் பார்த்த சந்தோஷம் நிஜமாகவே முகத்தில் இருந்தது. "உன் வூட்டுக்காரரு தங்கமான மன்சன். மத்தவனுங்க கூவுனானுங்க, இவரு சும்மா நின்னுகினு இருந்தாரு. இருந்தாலும் வுழுந்துச்சு. நானும் ரெண்டு வெச்சேன், இன்னாத்துக்குப் பொய் சொல்லணும். ஆர்டர்."

கடையில் சில்லறை இல்லை என்பதுபோலச் சொன்னார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என் வாயில் உணர்கிறேன். "அண்ணே, பண்டிகைச் சட்டைய எங்க வீட்ல ஜெபம் பண்ணி, என் கண்ணு முன்னாடியே போட்டுப் பாத்துடணும். இல்லன்னா வருஷம் முழுக்க மனசு கேக்காது" என்றேன்.

"அதுக்கின்னா, போட்டுக்கட்டுமே. பேஜாரு பண்ணாம சட்டுனு முடி."

இவர் என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது என்று அவருக்குத் தெரியும். சட்டையைக் கழற்றினார். சுவர்ப் பக்கமாகத் திரும்பி, அவசரமில்லாமல், புதுச்சட்டையின் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபம் சொன்னேன்.

இவருக்கு உடம்பெல்லாம் முடி. கல்யாணமான புதிதில் கரடி என்று கேலி செய்வேன். அந்த முடிக்கு நடுவே கோடுகள். ஒவ்வொன்றும் இரட்டை, நடுவில் வெளுப்பு, இரயில் தண்டவாளம்போல. தோளிலிருந்து இடுப்புக்கும், விலாவுக்குக் குறுக்கேயும், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு. சில காய்ந்து காப்பிப்பொடி நிறம். சில புதிது, நாவல்பழ நிறம், அவற்றில் தோல் பிளந்து நீர் கசிந்தது. எல்லாக் கோட்டின்மேலும் முடி இருந்தது. இடது தோளில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு மொட்டையாக, வழுவழுவென்று ஒரு இடம். அது எனக்குத் தெரிந்த தழும்பு. உண்மையாகவே சல்பைடு தெறித்தது, ஆலையில் சேர்ந்த முதல் வருடம்.

ஆமென் சொன்னேன். வார்டரும் ஆமென் சொன்னார்.

6

அன்று இரயிலிலேயே எழுத ஆரம்பித்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் படித்துக் காட்டினேன். எல்லாம் சரி என்றவர், தோள் தழும்பு வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

"அத எழுதாத மக்கா. அவனுவ சொன்னது நெசந்தான்னு நாமளே சொல்லுத மாரி ஆயிரும்."

"இருக்கிறத எழுதாம விடச் சொல்றீங்களா?"

"ஆள் உயிரோட வரணுமா வேண்டாமா? பொறவு உன் நேர்மைய வச்சு நாக்கு வழிக்கவா?"

இரண்டு நாள் பேசாமல் இருந்தோம். தோள் தழும்பையும் சேர்த்தே அனுப்பினேன். தைரியம் என்று சொல்ல மாட்டேன். இவர் வீட்டில் அடிக்கடி சொல்வதுதான், வேண்டாததை விட்டுவிட்டு எழுதிய சோதனைக் குறிப்பை யாரும் நம்ப மாட்டார்கள் என்று. அவருடைய முதுகைப் பற்றி எழுதும்போது அவருடைய முறையில்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஹாலம் பிறகு சொன்னார், மற்றவர்களைக் கையெழுத்துப் போடவைத்தது அந்த மொட்டைத் தழும்புதானாம். ஒரே முதுகில் சல்பைடு பட்ட இடமும் இருக்கிறது, லத்தி பட்ட இடமும் இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டார்கள். உருண்டைத் தடி பட்ட இடம்தான் நடுவில் வெளுத்து இரட்டைக் கோடாகத் தடிக்குமாம். பொய் சொல்கிறவள் அந்த இடத்தைக் குறிப்பிட்டிருக்க மாட்டாள் என்றும் பேசிக்கொண்டார்களாம். தோல் விஞ்ஞானிகள், பல நாட்டுக்காரர்கள், இது இரசாயனக் காயம் ஆகாது என்று காரணத்தோடு எழுதிக் கையெழுத்திட்டு, அரசாங்கத்துக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்பினார்கள்.

லண்டன் பத்திரிகையில் அது வந்தது. அந்த வாரம் சிறையில் இவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்கள்.

"எந்தக் கையால எழுதி அனுப்பின?"

இவர் எதுவும் எழுதவில்லை. எழுதியது நான். முதுகைக் காட்டி நின்றபோதே நான் எழுதப்போகிறேன் என்று அவருக்குத் தெரியும். என் பேரை அவர் சொல்லவில்லை. தானே எழுதியதாகச் சொன்னார். வலது கையைக் கல் வாசற்படியின் விளிம்பில் வைத்து, ஒருவன் மணிக்கட்டில் பூட்ஸ் காலை வைத்துக்கொள்ள, விரல்களின்மேல் லத்தியின் பூண் பக்கத்தால் அடித்தார்கள். எலும்பு வெளியே வரும்வரை. பிறகு, எழுது பார்க்கலாம் என்று ஒரு பென்சிலைப் போட்டார்களாம்.

சிறையிலிருந்து ஊருக்கு வந்த ஒரு துப்புரவாளர் மூலம் செய்தி தெரிந்தது. நான் மூட்டை கட்டிக்கொண்டு நின்றபோது முனியம்மா வந்தாள். வியாசர்பாடிக்காரி. சாக்கடைத் தொட்டியில் இரண்டாவதாகக் குதித்தவரின் மனைவி. டிராம் பக்கத்தில் அடிபட்டு அவளுக்கு முன்பல் இரண்டு போயிருந்தது.

"தனியாவா போற? போயி இன்னா பண்ணுவ, மனு போடுவியா?"

"வேற என்ன செய்ய முனியம்மா?"

"நீ படிச்சவ, நீ மனு போடு. நாங்க வாசல்ல குந்திக்கிறோம். என் வூட்டுக்காரன் குட்ச்சிட்டு செத்தான்னு சொன்னானுங்க. அந்த மன்சன் ஒருத்தர்தான் இல்லன்னு சொன்னாரு. அவரு கை எங்க கைய்யி."

அவளோடு பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள், டிக்கெட் எடுத்தவர்கள் பாதி, எடுக்காதவர்கள் பாதி. சிறை வாசலில் உட்கார்ந்தோம். காலையில் ஒருமுறை விரட்டினார்கள், இழுத்துக்கொண்டுபோய்ச் சாலையில் போட்டார்கள், முனியம்மாவின் முடியைப் பிடித்துச் சுழற்றினார்கள். எழுந்து, சேலையை உதறி, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தாள். "கலீஜ் பசங்களா, சாயங்காலம் வர்றீங்களா, இல்ல நாளைக்கா?" என்று கேட்டாள். நாங்கள் உட்கார்ந்த பிறகு இவரை யாரும் தனியாகக் கூப்பிடவில்லை. உள்ளே இருந்தவர்களுக்கு வாசலில் எங்கள் சத்தம் கேட்டதாம். லீட்ஸிலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் தந்திகள் வந்துகொண்டே இருந்தன. கடைசியில் ஒரு நாள் இவரை வெளியே விட்டார்கள். சீழ் பிடித்த கையை ஒரு பலகையில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பண்டிகைச் சட்டைதான் போட்டிருந்தார்.

ஊரில் எந்த ஆலையும் இவரைச் சேர்க்கவில்லை. ஹாலம் இங்கே வேலை வாங்கிக் கொடுத்தார். வந்துவிட்டோம்.

7

இங்கே வாழ்க்கை பெரும்பாலும் நன்றாகத்தான் போகிறது. மீன்கடையில் ஒருமுறை மீன்தலை கேட்டேன். "பூனைக்கா?" என்றார் கடைக்காரர். வெட்கப்பட்டு ஆமாம் என்றுவிட்டேன். அன்றிலிருந்து தலையை இலவசமாகக் கொடுக்கிறார், வாராவாரம் பூனையின் சுகத்தையும் விசாரிக்கிறார். எஸ்தர் கடைக்குள் வரமாட்டாள். "நம்ம வீட்ல பூனையே இல்ல, அவர் அதுக்குப் பேர் கேக்குறார்!" என்று வாசலில் நின்றுகொள்கிறாள். அவளுக்கு மீன்தலைக் குழம்பும் இறங்குவதில்லை. தமிழ் எழுத மறந்துவிட்டாள். பள்ளியில் பிரெஞ்சு நன்றாக வருகிறதாம்.

சனிக்கிழமை பிற்பகல் கதவைத் தட்டியவர் டாக்டர் ஹாலம். கையெழுத்து வாங்க ஒரு அறிக்கைத் தாளோடு வந்திருந்தார். கடல் தாண்டி, பிரெஞ்சுக்காரர் ஆளும் ஒரு நாட்டில், ஒரு வேதியியல் ஆசிரியரைச் சிறையில் போட்டிருக்கிறார்கள். உடம்பில் காயங்கள். ஆய்வுக்கூடத்தில் அமிலம் தெறித்த பழைய காயங்கள் என்று அங்கே பதில் சொல்லியிருக்கிறார்கள். ஹாலம் தாளை மேஜைமேல் விரித்தார். "அதே பொய், ஞானராஜ். வார்த்தைகூட மாறவில்லை."

இவர் உடனே பேனாவை எடுத்தார். நான் தாளின்மேல் கையை வைத்தேன்.

"இந்தத் தாள் போவது அவர் மனைவிக்குத் தெரியுமா?" என்று ஹாலத்திடம் கேட்டேன்.

அவர் விழித்தார். மந்திரிகளுக்கு எழுதுவார்கள், பத்திரிகைகளுக்கு எழுதுவார்கள், சங்கங்களுக்கு எழுதுவார்கள். மனைவிக்கு விவரம் கேட்டு எழுதுவார்கள், எச்சரித்து எழுதுவது அவர்களுடைய முறையில் இல்லை. அவள்தான் எங்களுக்கு விவரம் அனுப்பினாள் என்றார். அதற்குப் பிறகு என்ன நடக்கலாம் என்று அவளிடம் சொன்னீர்களா என்றேன். சொல்லவில்லை.

இவர் தமிழில் என்னிடம், "ரோஸ், நாள் கடத்தினா அவன் செத்துடுவான். எனக்குக் கை போச்சு, உயிர் வந்துச்சு. நான் அந்தக் கணக்குக்குச் சம்மதம்தான்" என்றார்.

"நீங்க சம்மதம். என்கிட்ட யாரும் கேக்கல. கேட்டிருந்தா அந்த வாரமே முனியம்மாவோட வாசல்ல போய் உக்காந்திருப்பேன். கை உடைஞ்ச பிறகு உக்காந்தேன்."

இவர் பேனாவைக் கீழே வைத்தார். ஹாலத்துக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் தொப்பியை மடியில் சுழற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். கடைசியில் ஹாலமே சொன்னார், மனைவிக்கு ஒரு கடிதம் முதலில் போகட்டும், அது போய்ச் சேரும் அவகாசம் விட்டு அறிக்கையை அனுப்புகிறேன் என்று. அவளுக்கு ஆங்கிலம் தெரியாதாம். பிரெஞ்சில் எழுத வேண்டும்.

எஸ்தரைக் கூப்பிட்டேன். மேஜையில் அகராதியை விரித்து வைத்துக்கொண்டாள். நான் தமிழில் சொன்னேன். சகோதரி, உங்கள் கணவருக்காகப் பெரிய மனிதர்கள் ஒரு அறிக்கை அனுப்பப்போகிறார்கள். அது நல்லது. அது வந்து சேரும் வாரத்தில் உள்ளே இருப்பவர்கள் அவரை மறுபடியும் அடிக்கலாம்.

"அடிக்கிறதுன்னா எந்த அடி? கையாலயா, ஏதாவது வச்சா? பிரெஞ்சில வேற வேற வார்த்தை இருக்கு."

"தடியால."

எழுதினாள். என் கணவருக்கு அப்படித்தான் நடந்தது, சிறையில், ஒரு வாசற்படியில் வைத்து வலது கை விரல்களை உடைத்தார்கள் என்று சொன்னேன். பேனா நின்றது.

"அப்பா கை மெஷின்ல மாட்டினதுன்னு சொன்னீங்க."

"சொன்னோம்."

"அப்பா லெஃப்ட் ஹேண்ட்னு நான் ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். பிறந்ததிலேர்ந்தே அப்படின்னு."

அவர் ஜன்னலருகே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. எஸ்தர் அவருடைய முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அகராதியைப் புரட்டினாள். வாசற்படிக்கு ஒரு வார்த்தை, விரலுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து, எழுத்துக்கூட்டிச் சரிபார்த்து, மெதுவாக எழுதினாள். பிறகு தலையை நிமிர்த்தாமல், "சொல்லுமா. அவங்க என்ன செய்யணும்?" என்றாள்.

"ஜெயில் வாசலுக்குத் தனியாப் போக வேண்டாம்னு எழுது" என்றேன். "இன்னைக்கே ஆள் சேர்க்கச் சொல்லு."

அவள் எழுத ஆரம்பித்தாள்.